டிரம் ஓடும்போது எடுத்த பேட்டி

எட்டாவது ஃபெயில் ஆனவன் நான். இதை மொதல்லயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசக்கூடாது பாருங்கள். வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை மூன்று ஊரிலும் ஏகாம்பரம் வீடியோ என்றால் தெரியாத கல்யாண மண்டபம் கிடையாது. நான் எடுத்த மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது தாத்தா. ஷூ கம்பெனிகளும் டேனரிகளும் வெளிநாட்டுப் பார்ட்டிக்குக் காட்ட எடுத்த படங்களில் என் கை படாதது ரொம்பக் கம்மி. சென்னையிலிருந்து படித்தவர்கள் வந்து மூன்று நாள் குழப்பிவிட்டுப் போன வேலையை நான் ஒரே பகலில் முடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி மேனேஜர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்குவார்.

போன மாதம் வேலூரில் ஒரு கல்லூரியில் குறும்படப் போட்டி. முழங்கால் தேய்ந்து வேலையை விட்டவனை ஞாபகம் வைத்து நடுவராக உட்கார வைத்தார்கள். வரிசையாகப் படம் பார்த்தேன். எல்லாப் படத்திலும் கோட்டையை வானத்திலிருந்து சுற்றிக் காட்டுகிறார்கள். கீழே நின்று பேசுகிறவன் என்ன பேசுகிறான் என்பது ஒன்றிலும் சரியாகக் கேட்கவில்லை. முடிந்ததும் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு, எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்று கேட்கிறார்கள். போட்டி நடத்தியவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், கல்லூரி மலரில் போடுகிறோம் என்றார்கள். எழுதுகிறேன். எந்த கேமரா வாங்குவது என்று மட்டும் இதில் தேடாதீர்கள்.

நான் முதலில் டேனரியில் தோல் சுமந்தவன். ரெண்டு வருஷம். பச்சைத் தோல் உப்போடு தோளில் இறங்கும்போது கழுத்தெல்லாம் எரியும். ஆம்பூரில் வீடியோ கடை வைத்திருந்த அன்வர் பாய் ஒரு கல்யாணத்துக்கு லைட் பிடிக்க ஆள் இல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தோல் சுமந்த கைக்கு லைட் எல்லாம் ஒரு கனமா? மூன்று மணி நேரம் அசையாமல் பிடித்தேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். அவரிடம் ஒன்பது வருஷம். அப்புறம் வேலூரில் சொந்தக் கடை. அந்தக் கதை கிடக்கட்டும்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். எந்த இடத்துக்குப் போனாலும் கேமராப் பையைத் திறக்க விட மாட்டார். ஜிப்பின் மேல் கை வைத்தாலே இருமுவார். முதலில் ஒரு மூலையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் கண்ணை மூட வேண்டும். திறந்ததும் பரீட்சை.

"இன்னா கேட்டே?"

"ஃபேன் பாய்."

"எத்தினி ஃபேன்?"

"ரெண்டு பாய்."

"மூணு. மூணாவதுல பேரிங் போயிருக்கு, கிர்ருன்னுது. அப்பறம்?"

"பாத்திரம் கழுவறாங்க."

"எந்தப் பக்கம்?"

"அது... பின்னால பாய்."

"பின்னாலயா? உன் முதுகுக்குப் பின்னாலயா, மண்டபத்துக்குப் பின்னாலயா? மூடு கண்ணை. இன்னும் பத்து நிமிஷம்."

கல்யாண வீட்டுக்காரர்கள் எங்களைத் தூங்க வந்தவர்கள் என்று நினைப்பார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "வீடியோக்காரன் வந்ததும் வராததுமா சாமியார் ஆயிட்டான்" என்று சிரித்தது. எனக்கு மானமே போய்விட்டது. ஆனால் பாய் எடுத்த கேசட்டில் பேச்சு கேட்கவில்லை என்று ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

இன்னொரு பழக்கம், ஒரு தாளை மூன்றாக மடிப்பார். முதல் மடிப்பில், ஒரே தபா நடப்பது. நிக்காஹ்வில் மாப்பிள்ளை சம்மதம் சொல்கிற நேரம், பெண்ணைப் பெற்றவர் முகம். இரண்டாவது மடிப்பில், விட்டாலும் இன்னொரு தபா கிடைக்கக்கூடியது. பந்தி பரிமாறுவது, பிள்ளைகள் ஓடுவது. மூன்றாவதில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது. "மண்டப வாசல் எங்கியும் ஓடிடாதுடா" என்பார். முதல் மடிப்பில் இருப்பதற்கு மூன்று பேட்டரி, ரெண்டு டேப், ஒரு ஆள் மாற்றாக நிற்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

நான் தனியாகக் கடை போட்ட புதிதில் இதையெல்லாம் மீறிப் பார்த்தேன். ஒரு டேனரிக்குப் படம் எடுக்கப் போய், கதை எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் எடுத்தேன். லாரி வருவது, தோல் இறங்குவது, கழுவுவது. கடைசியில் தோல் வெயிலில் காய்கிற காட்சி. அந்த வெள்ளைத் தோல்களுக்கு நடுவில் கேமராவை நடத்திக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு வாரமாக மனசுக்குள் ஓட்டி வைத்திருந்தேன். மூன்றரை மணிக்குப் போய் நின்றால் வெறும் கொடிதான் இருக்கிறது. தோலெல்லாம் எடுத்து உள்ளே அடுக்கிவிட்டார்கள்.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "காஞ்சிடுச்சி எடுத்துட்டோம். உன் கேமராவுக்காக மறுபடியும் நனைக்கணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து கதை வரிசையில் எடுப்பதை விட்டேன். வெயில் எந்த வரிசையில் நகர்கிறதோ, வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ, அதுதான் படம் எடுக்கிற வரிசை. கதையை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு தெரிந்தவன், இவ்வளவு அடிபட்டவன், நான் செய்த தப்பு ஒன்றைத்தான் எழுத வந்தேன். பெருமைக்கு எத்தனையோ இருக்கிறது. இது அது இல்லை.

எஸ்தர் என்று ஒரு பெண். சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் அண்ணன் கல்யாணத்தை எடுத்தவன் நான். கேமராவைக் கடன் வாங்கி, லீவு நாளில் சின்னச் சின்னதாக எடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா தானியேல் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். டிரம் என்றால் மரத்தில் செய்த பெரிய உருளை, ஒரு ஆள் உயரத்தைவிட ஜாஸ்தி. உள்ளே தோலையும் தண்ணியையும் மருந்தையும் போட்டுச் சுற்ற விடுவார்கள். முப்பது வருஷம் அதன் பக்கத்தில் நின்றவர். அவரைப் பற்றிப் பதினைந்து நிமிஷப் படம் எடுப்பது அவள் ஆசை. மெதுவாக எடுக்கலாம் என்றுதான் இருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அங்கிள், அப்பாவுக்குத் தொண்டையில கட்டி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். குரல்வளையை எடுத்துடுவாங்களாம். அப்பறம் மெஷின் வெச்சி, பழக்கி, பேச வைக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. ஆனா இந்தக் குரல் வராது."

"எப்ப அட்மிஷன்?"

"திங்கக்கிழமை காலையில. இப்பவே பத்து நிமிஷம் பேசினா குரல் காத்தா போயிடுது. ஒரு நாள் முழுக்க ரெஸ்ட் குடுத்தாதான் திரும்ப வருது. எனக்குப் படம் கூட வேணாம் அங்கிள். அவர் குரல் வேணும்."

விஷயம் அவ்வளவுதான். பத்து நிமிஷக் குரல். கையில் மூன்று நாள். "நான் இருக்கேன்" என்றேன். என்னைவிட இதற்குப் பொருத்தமான ஆள் இந்த ஜில்லாவில் யார்? டேனரியும் தெரியும், கேமராவும் தெரியும்.

மறுநாள் இடம் பார்க்கப் போனோம். முறைப்படி எல்லாம் செய்தேன். டிரம் இருக்கிற கொட்டகையில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து பத்து நிமிஷம் கண்ணை மூடினேன். ஒரு குழாய் சொட்டியது. வெளியே காக்கா. அவ்வளவுதான். மேல் ஜன்னலிலிருந்து வெளிச்சம் சாய்வாக இறங்கி ஈர டிரம்மின் மேல் விழுந்தது. தங்கத் தேர் மாதிரி இருந்தது. நாளைக்கு இதே நேரம், இதே இடம், பக்கத்தில் தானியேலை உட்கார வைத்துப் பேச விடுவது என்று முடிவு பண்ணினேன்.

எஸ்தர் கேட்டாள். "நாளைக்கும் இப்படித்தான் இருக்குமா அங்கிள்?"

"டேனரி பத்தி என்கிட்ட கேக்கறியா நீ?" என்றேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அந்த டேனரிக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு. எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். லீவு என்பதால்தான் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கதவு திறக்கச் சொன்னோம். தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை. கண் வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. ஓடினால் என்ன, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்று ஒரு நினைப்பு. அதை யாரிடமும் கேட்டு வைக்கவில்லை.

சனிக்கிழமை போனால் கொட்டகையே அதிர்கிறது. பத்து டிரம்மும் ஓடுகிறது. தரை நடுங்குவது செருப்பு வழியாகக் காலில் ஏறுகிறது. மேஸ்திரியிடம் போய் நிறுத்தச் சொன்னேன்.

"எத்தினி நேரம்?"

"அரை மணி."

"ஏம்பா, நீயும் இதுல இருந்தவன்தானே? மருந்து ஏறினு இருக்கு. இப்ப நிறுத்தினா தோலு திட்டுத் திட்டாப் பூடும். அதுல பாதி ஊரார் தோலு, கூலிக்குப் போட்டுத் தர்றோம். நீ வந்து பதில் சொல்வியா?"

அவர் சொன்னது நியாயம். அந்த நிமிஷத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பையை மூடிக்கொண்டு, தானியேலைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் வெளிச்சம் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். ஏகாம்பரம் வந்து எடுக்காமல் போனான் என்று ஆகிவிடும். சட்டையில் மாட்டுகிற மைக் இருக்கிறது, வாய்க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, பிடித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஆரம்பிங்க தானியேல்."

டிரம் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவர் எப்படிப் பேசுவார்? கத்துவார். அங்கே அப்படித்தான் பேச முடியும். அது அவர் பழக்கம். அந்தப் புண் தொண்டையை வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வேலைக்குச் சேர்ந்த கதையைக் கத்திச் சொன்னார். என் காதில் ஹெட்ஃபோன். டிரம் சத்தம் மட்டும் மழை மாதிரி கொட்டுகிறது. அதற்குள் ஒரு குரல் உடைந்து உடைந்து முங்குகிறது. முதல் அரை நிமிஷத்திலேயே இது தேறாது என்று தெரிந்துவிட்டது. நிறுத்தவில்லை. எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். எட்டு நிமிஷம்.

அப்புறம் அவர் வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. வெறும் காற்று. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்லா வந்துச்சா என்று கட்டை விரலைத் தூக்கிக் கேட்டார்.

எஸ்தர் என் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டிக்கொண்டாள். எடுத்ததை ஓட விட்டுக் கேட்டாள். ஒரு நிமிஷம் கேட்டிருப்பாள். கழற்றினாள். என்னை வெளியே கூப்பிட்டாள்.

"உங்களுக்கு இது கேட்டுச்சா இல்லியா அங்கிள்?"

"கேட்டுச்சி."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து."

"அப்ப ஏன் நிறுத்தல?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் தானியேலின் சம்சாரம் மேரியம்மா வெந்நீர் வைத்து அவருக்கு ஆற்றிக் கொடுத்தது. எனக்கும் ஒரு டம்ளர் காப்பி வைத்தது.

அன்று சாயங்காலமே இடம் தேடக் கிளம்பினேன். இந்தத் தபா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த இடத்தில் என்ன சத்தம் வரும் என்று கேட்டுக் கேட்டுத் தேடினேன். அவர்கள் வீடு ஆகாது, ரயில் பாதை பக்கம். சர்ச் பக்கத்து ஹால் ஆகாது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. எஸ்தரின் பள்ளிக்கூடம் கேட்டேன். பக்கத்து மனையில் கான்கிரீட் போடுகிறார்களாம், ஞாயிறும் வேலை உண்டாம். அலைந்து அலைந்து நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. தோல் சுமந்த காலத்தில் முடிந்த தோலை அடுக்கி வைக்கிற குடோனுக்குள் போனால் வெளியே மேஸ்திரி திட்டுவது காதில் விழாது. அதற்காகவே அங்கே போய் நிற்போம். நாலு பக்கமும் கூரை வரைக்கும் மெத்து மெத்தென்று தோல். சத்தம் எதிரொலிக்க இடமே இல்லை. எத்தனையோ செலவு பண்ணி சென்னையில் ஸ்டுடியோவில் செய்கிறதை, இங்கே தோல் சும்மாவே செய்கிறது.

அதே டேனரி முதலாளியிடம் போய்க் கேட்டேன். குடோன் டிரம் கொட்டகைக்கு அந்தக் கோடியில் இருந்தது. "தானியேலுக்கா? சாவியே வெச்சிக்க" என்றார். சாவியை வாங்கி உள்ளே போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். அப்போதும் பத்து டிரம்மும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே என் மூச்சுதான் கேட்டது.

ஞாயிறு காலை எஸ்தர் நோட்டைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு கேள்வி. நான் தாளை மூன்றாக மடித்துக் கொடுத்தேன். எந்த டேனரி, என்ன மருந்து, எத்தனை மணிக்கு வேலை, இதையெல்லாம் மேஸ்திரி சொல்வார், கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள், மூன்றாவது மடிப்பு. வேலையில் அவருக்கு நடந்த முதல் விபத்து, அதை அவள் அம்மா சொல்லும், ரெண்டாவது மடிப்பு. அவர் மட்டுமே, அந்தக் குரலில் மட்டுமே சொல்லக்கூடியது எது? அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் பன்னிரண்டையும் அடித்தாள். புதிதாக ஒன்று எழுதினாள். என்னிடம் காட்டவில்லை.

ரிகர்சல் வைக்கவில்லை. சட்டை மைக் ஒன்று, முக்காலியில் தனியாக இன்னொரு ரெக்கார்டர். எல்லா ஃபோனும் வெளியே. தானியேல் முந்தின நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்தார். கத்த வேண்டாம், பக்கத்தில் இருக்கிற மகளிடம் சொல்வது மாதிரி சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

எஸ்தர் கேட்டாள். "அப்பா, முப்பது வருஷம் அந்த டிரம்மாண்ட நின்னீங்க. யார்கிட்டயும் பேச முடியாது. உள்ளுக்குள்ள இன்னா பண்ணினு இருந்தீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "பாடினு இருந்தேன்."

"பாட்டா? நீங்களா?"

"கோயில்ல வாயைத் தொறந்தா பக்கத்துல கீறவன் திரும்பிப் பாப்பான். அங்க யாரு பாக்கறது? டிரம்மு என்னைவிட ஜாஸ்தி கத்தும். நான் பாட்டுக்குப் பாடுவேன்."

"என்ன பாட்டுப்பா?"

"என் பாட்டுதான். நானே கட்னது." கொஞ்சம் வெட்கப்பட்டார். அப்புறம் முட்டியில் தாளம் தட்டிக்கொண்டு பாடினார்.

"சங்கு ஊதுது மேரி, சைக்கிள் எடுத்தாச்சி மேரி, கொழம்ப எறக்கி வெச்சிட்டு கதவத் தொறடி மேரி..."

குரல் மரத்தில் ரம்பம் போட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. எஸ்தர் என்னமோ கேட்க வாயெடுத்தாள். கையைத் தூக்கி நிறுத்தினேன். நாலு அடி பாடினார். கடைசி அடியில் குரல் மெல்லிசாகி நூல் மாதிரி ஆகி நின்றது. நான் கட் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே ஓடவிட்டேன். பேச்சு முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் பிடித்து வைக்க வேண்டும், எடிட்டிங்கில் ஒட்டுப் போட உதவும். நியாயமான காரணம் அது. அன்றைக்கு எனக்கு அந்த நிமிஷம் வேறு எதற்கோ தேவைப்பட்டது.

சனிக்கிழமை எடுத்த டிரம் காட்சியின் மேல் ஞாயிற்றுக்கிழமைக் குரலை வைத்தாள் எஸ்தர். படத்தையும் குரலையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் என்று எவனும் சட்டம் போடவில்லை. எனக்கு இது பழைய பாடம், அன்றைக்குப் பார்த்து மறந்துபோனேன். இடம் பார்க்கப் போகிறவர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஷூட்டிங்கோ அந்தக் கிழமை, அந்த மணிக்குப் போங்கள். சத்தம் சரியில்லை என்று காதுக்குத் தெரிந்தால் யார் சுற்றி நின்றாலும் நிறுத்துங்கள். எனக்கு நாற்பது வருஷ அனுபவம் இருந்தது. அது என்னை நிறுத்தவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்றரை மாதம் கழித்து அவர்கள் வீட்டில் படத்தைப் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டாள் எஸ்தர். தானியேல் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேரியம்மா அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே பார்த்தது. பாட்டு வந்த இடத்தில் கையில் கரண்டியோடு நின்றுவிட்டது.

"யாரு இது பாடறது?"

"அப்பாதாம்மா."

"இந்த மனுசனா?" திரும்பி அவரைப் பார்த்தது. "எஸ்தரு, கல்யாணம் ஆகி இத்தினி வருஷத்துல இந்தாளு என்னை ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்ட்டுக் கேட்டிருக்கியா? ‘இந்தாமே’, ‘ஏமே’ தானே? என் பேர் தெரியுமான்னே எனக்கு சந்தேகம்."

தானியேல் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது.

மேரியம்மா கரண்டியைக் கீழே வைத்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தது.

"இன்னொரு தபா போடுடி."

எஸ்தர் போட்டாள். மிச்சப் படத்தை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. நாலாவது தபா போடும்போது, ரெண்டாவது அடியிலிருந்து மேரியம்மாவும் கூடப் பாடியது.